அடக்கமும் அமுக்கமும்

அன்னை மறைந்தபோது நான் அழவில்லை. ஸ்டோயிக் அறிஞர்கள் இவ்வாறே இருந்தனர் என எண்ணித் துயரை நெஞ்சில் அமுக்கினேன். மூன்று திங்கள் கழித்து, குவளை ஒன்றை உடைத்த அறைத்தோழன்மீது சீறி விழுந்தேன்.

பிறகுதான் செனெகாவைப் படித்தேன். முகம் வெளுத்தலும் உடல் நடுங்கலும் விருப்பின்றி எழும் முதல் அசைவுகள். அறிஞனுக்கும் அவை உண்டு என்கிறார் அவர். நண்பர் செரீனசு இறந்தபோது தாமும் மிகுதியாக அழுததை ஒப்புக்கொள்கிறார். எழுவதைத் தடுக்க இயலாது. அதற்கு இசைவதா, மறுப்பதா என்பதே அறிவின் வேலை.

நம் ஐதராபாத்திலேயே இதற்கோர் உவமை உண்டு. 1908 செப்டம்பரில் மூசி பெருகி ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. விசுவேசுவரய்யா மழையைத் தடுக்க முயன்றாரா? இல்லை, ஆற்றின் மேற்புறத்தில் நீர்த்தேக்கங்கள் அமைக்கச் சொன்னார். உஸ்மான் சாகர் 1920-லும், இமாயத் சாகர் 1927-லும் முடிந்தன. மதகில்லா அணை ஒருநாள் உடையும். மதகுள்ளது அளவறிந்து விடும். முன்னது அமுக்கம், பின்னது அடக்கம். மதகுக் காவலன் அறிவேயன்றோ?

அன்றிரவு அன்னையின் பழைய கடிதத்தை எடுத்துப் படித்து அழுதேன். விடிந்ததும் தோழனிடம் மன்னிப்புக் கேட்டேன். நண்பர்காள், அழுகை கோழைமை அன்று. அதை அடுத்தவன்மீது சினமாகக் கொட்டுவதே கோழைமை.