பூங்காவில் எதற்கு அமைதி?

கேள்வி: அடையாறு தொல்காப்பியப் பூங்காவில் உணவுக் கடை, இசை, வண்ண விளக்கு எதுவும் வைக்கக் கூடாது என்கிறார்களே. மக்கள் வரிப்பணத்தில் உருவான இடம் மக்களுக்குத்தானே?

பதில்: மக்களுக்குத்தான், அதனால்தான் அதை அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்கிறேன். 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட இந்த 58 ஏக்கர், அதற்கு முன் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த அடையாற்றுக் கழிமுகத்தின் ஒரு துண்டு. குப்பையை அள்ளி, நீர்ப்பரப்பை மீட்டு, அலையாத்தியும் நாட்டு மரங்களும் நட்டார்கள். அந்த உழைப்பின் பலன் தண்ணீரும் சேறும் சந்திக்கும் கரையோரத்தில்தான் இருக்கிறது. ஆழமில்லாத அந்த ஓரத்தில்தான் கொக்கும் மடையானும் இரை தேடும், மீன்குஞ்சுகள் ஒளிந்து வளரும். அங்கே கான்கிரீட் கரை எழுப்பிக் கடை போட்டால் குளம் இருக்கும், அதை நம்பியிருக்கும் உயிர்கள் இருக்கா. இரவு விளக்கு பூச்சிகளைத் திசைதிருப்பும். நாம் பிரியமாகப் போடும் ரொட்டித் துண்டுகூட மக்கி, பாசியைப் பெருக்கும்.

குழந்தைகளுக்கு விளையாட இடம் வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. வேண்டும், ஒவ்வொரு தெருவிலும் வேண்டும். ஊஞ்சலை எந்த மைதானத்திலும் கட்டலாம்; ஆற்றின் கழிமுகத்தை வேறிடத்தில் கட்ட முடியாது. மற்றபடி முதியோர் உட்கார இருக்கை, சக்கர நாற்காலி போகும் பாதை, கழிப்பறை, காவலர் எல்லாம் அவசியம். இவற்றால் எந்தப் பறவைக்கும் பெரிய இடைஞ்சல் இல்லை. ஒலிபெருக்கியால் உண்டு.