தாஜ்மகாலின் வாயிலில் வரிசை ஏன் நீளுகிறது?

ஆக்ரா நகரில் யமுனையின் தென்கரையில் நிற்கும் தாஜ்மகாலை அண்மைக் காலத்தில் ஆண்டுதோறும் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கண்டு செல்கின்றனர். முகலாயப் பேரரசர் ஷாஜகான் தம் துணைவி மும்தாஜ் மகாலின் நினைவாக 1632ஆம் ஆண்டளவில் தொடங்கிய இக்கட்டடத் தொகுதி, 1653ஆம் ஆண்டளவில் முழுமை பெற்றது. 1983இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்றது. இவையெல்லாம் பள்ளிப் பாடநூல்களிலேயே காணக் கிடைப்பவை. இதனைக் காண வரும் ஒரு சாதாரணக் குடும்பம் வாயிலில் எவ்வளவு நேரம் காத்து நிற்க வேண்டியுள்ளது என்பது மட்டும் எந்தப் பாடநூலிலும் இல்லை. விடுமுறை நாளின் முற்பகலில் சென்று சேர்வோர், வெண்பளிங்கின் முன் கழிக்க எண்ணியிருந்த பொழுதில் ஒரு பெரும் பகுதியை இரும்புத் தடுப்புகளின் நடுவே கழிக்க நேர்கிறது. தொலைதூர மாநிலத்திலிருந்து வாழ்நாளில் ஒரு முறை மட்டுமே வரக்கூடிய குடும்பத்துக்கு இது சிறிய இழப்பன்று.

கூட்டம் மிகுதியாக வருவதால் வரிசை நீளுகிறது என்பது பொதுவாகக் கூறப்படும் காரணம். இது பாதி உண்மையே. தாஜ்மகால் வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். அன்று அங்குள்ள பள்ளிவாசலில் தொழுகை மட்டுமே நடைபெறும். எனவே ஆண்டில் ஏறத்தாழ 313 நாட்கள் பார்வையாளருக்குத் திறந்திருக்கிறது. 60 இலட்சம் பேரை இந்நாட்களுக்குச் சமமாகப் பங்கிட்டால் நாளொன்றுக்குச் சுமார் 19,000 பேர் வருகின்றனர். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கிச் சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பு வரை, அதாவது பருவத்துக்கேற்பப் பத்து முதல் பதினான்கு மணி நேரம், வாயில் திறந்திருக்கும் இடத்தில் இந்த எண்ணிக்கை தாங்க முடியாததன்று. ஆனால் மக்கள் சமமாகப் பிரிந்து வருவதில்லை. குளிர்காலத்தில், வார இறுதியில், அதிலும் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் வரையிலான சில மணி நேரத்தில்தான் பெரும்பாலோர் வந்து சேர்கின்றனர்.

வரிசையின் கணக்கு

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பாதுகாப்புச் சோதனையைக் கடந்து நிமிடத்துக்கு 20 பேர் உள்ளே செல்ல முடியும் என்று கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 1,200 பேர் செல்வர். ஒரே மணி நேரத்துக்குள் 3,000 பேர் வந்து சேர்ந்தால், அம்மணியின் முடிவில் 1,800 பேர் வெளியே நின்றுகொண்டிருப்பர். அவர்களுள் கடைசியில் வந்தவர் மேலும் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதே 3,000 பேர் மூன்று மணி நேரத்தில் மணிக்கு ஆயிரவராகப் பிரிந்து வந்தால் வரிசை என்று சொல்லத்தக்க ஒன்று ஏறக்குறைய உருவாகவே செய்யாது. வந்தவர்கள் அதே எண்ணிக்கையினர், காவலரும் அதே காவலர், வாயிலும் அதே வாயில்; வேறுபட்டது வந்த நேரம் ஒன்றே. வருகையின் வேகம் அனுமதியின் வேகத்தை விஞ்சும்போது வரிசை பிறக்கிறது. விஞ்சிய நிலை எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அவ்வளவுக்கு அது வளருகிறது. நெரிசல் தணிந்த பின்னும் சேர்ந்துவிட்ட கூட்டம் கரைவதற்கு நெடுநேரம் பிடிப்பதால், பகல் ஒரு மணிக்கு நிற்பவர் உண்மையில் காலை பதினொரு மணியின் மிச்சத்தையே அனுபவிக்கிறார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் வருவது ஏன் என்ற வினாவுக்கு விடை தில்லியில் உள்ளது. கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர் நீளமுள்ள யமுனை விரைவுச்சாலை 2012இல் திறக்கப்பட்டது. 2016 ஏப்ரலில் தொடங்கிய கதிமான் விரைவு ரயில் ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்திலிருந்து ஆக்ரா கண்டோன்மென்டுக்கு ஏறத்தாழ 100 நிமிடங்களில் ஓடும்படி அமைக்கப்பட்டது. காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு தில்லியிலிருந்து புறப்படுவோர், சாலை வழியாயினும் இருப்புப்பாதை வழியாயினும், பத்து மணியை ஒட்டியே ஆக்ராவில் இறங்குகின்றனர். மாலையில் திரும்பிவிட வேண்டும் என்பதால் முதலில் செல்லும் இடம் தாஜ்மகால். கதிமான் ரயிலுக்கு வெள்ளிக்கிழமை ஓய்வு நாள் என்பது, இப்பயணம் அனைத்தும் எந்த ஒரு கட்டடத்தை மையமாகக் கொண்டது என்பதைக் காட்டும். போக்குவரத்து விரைவுபட்டதால் பயண நேரம் குறைந்தது; அவ்வாறு மிச்சப்பட்ட நேரத்தை வாயிலில் உள்ள வரிசை எடுத்துக்கொண்டது எனலாம்.

ஒன்றன்று, மூன்று

வாயிலில் காண்பது ஒரே வரிசை போலத் தோன்றினும் உண்மையில் மூன்று வரிசைகள் உள்ளன. முதலாவது நுழைவுச்சீட்டுக்கானது. இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறை இணையவழியில் சீட்டு வழங்குவதால் இவ்வரிசையை அறவே தவிர்த்துவிடலாம். நேரில் பெற விரும்புவோர்க்குச் சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே சீட்டு வழங்குமிடம் திறக்கப்படுகிறது.

இரண்டாவது பாதுகாப்புச் சோதனை வரிசை. இணையவழிச் சீட்டு வைத்திருப்போரும் இதில் நின்றே ஆக வேண்டும் என்பதைப் பலர் உணராது வந்து ஏமாறுகின்றனர். ஆடவரும் மகளிரும் தனித்தனி வரிசைகளில் சோதிக்கப்படுவதால் ஒரு குடும்பத்தார் வெவ்வேறு நேரங்களில் உள்ளே செல்ல நேரிடும். எங்கே கூடுவது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நலம். பெரிய பைகள், உணவுப் பண்டங்கள், புகையிலை, தீப்பெட்டி, புகைப்படக் கருவிக்கான முக்காலி ஆகியவற்றுக்கு அனுமதியில்லை. இத்தகைய பொருளோடு வரும் ஒருவர் திருப்பி அனுப்பப்படும்போது அவர் மட்டுமல்லாது அவருக்குப் பின்னால் நிற்கும் அனைவரும் தாமதப்படுகின்றனர். தண்ணீர்ப் புட்டி, கைபேசி, பணப்பை ஆகியவற்றுடன் மட்டும் வருவோர் நிறைந்த வரிசை, காவலரின் எண்ணிக்கை கூடாமலேயே விரைந்து நகரும்.

மூன்றாவது வரிசை உள்ளே, கல்லறை மண்டபத்தின் முன் உள்ளது. எண்கோண வடிவில் அமைந்த நடு மண்டபம் ஒரு பேரரசியின் அமைதியான உறைவிடமாகக் கட்டப்பட்டதேயன்றி நாளொன்றுக்குப் பல்லாயிரவர் வலம் வருவதற்காகக் கட்டப்பட்டதன்று. பளிங்குச் சாளரத் திரைக்குள் அங்கே காணப்படுபவை அலங்காரக் கல்லறைகள். உண்மைக் கல்லறைகள் கீழே நிலவறையில் உள்ளன. ஷாஜகானின் நினைவாக ஆண்டுக்கொரு முறை மூன்று நாட்கள் நடைபெறும் உர்ஸ் விழாவின்போது மட்டுமே அவை மக்கள் பார்வைக்குத் திறக்கப்படும். அந்நாட்களில் கட்டணமும் இல்லாததால் கூட்டம் அளவு கடந்திருக்கும். விழா இஸ்லாமிய நாட்காட்டியைப் பின்பற்றுவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். தொல்லியல் துறையின் சின்னங்களுக்குக் கட்டணமின்றி அனுமதி வழங்கப்படும் ஏப்ரல் 18 போன்ற நாட்களையும், ஆண்டிறுதி வாரத்தையும் நெரிசலை விரும்பாதோர் விலக்குதல் வேண்டும்.

விடியற்காலையில் செல்லுங்கள் என்ற அறிவுரை எங்கும் கூறப்படுகிறது. அது பொதுவாகச் சரியே. ஆனால் டிசம்பர், ஜனவரி மாதங்களுக்குப் பொருந்தாது. அப்போது யமுனைச் சமவெளியை மூடும் பனிமூட்டத்தில் எதிரே நிற்கும் மாடமே கண்ணுக்குப் புலப்படாமற் போவதுண்டு. குளிர் மிகுந்த நாட்களில் பிற்பகல் மூன்று மணிக்குப் பின் செல்வது தக்கது. கோடையிலோ வாயில் திறக்கும் வேளையே மேலானது. காலை ஒன்பது மணிக்குள் பளிங்குத் தளம் கொதிக்கத் தொடங்கிவிடும். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் கூட்டம் குறைவு. மழைக்கு இடையே வெளுக்கும் வானம் பளிங்குக்குத் தனி நிறம் தரும்.

கட்டணமா, நேரமா?

நெரிசலைக் குறைக்க அரசு சில நடவடிக்கைகளை எடுத்துள்ளது. 2018 ஏப்ரல் முதல் ஒரு நுழைவுச்சீட்டு மூன்று மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும். உள்ளே தங்கும் நேரத்தை இது கட்டுப்படுத்துமேயன்றி வந்து சேரும் நேரத்தைக் கட்டுப்படுத்தாது. ஆகவே வெளியே உள்ள வரிசைக்கு இதனால் விளையும் பயன் குறைவு. அதே ஆண்டு டிசம்பரில் கல்லறை மண்டபத்துக்குச் செல்வோரிடம் கூடுதலாக 200 ரூபாய் பெறும் முறை வந்தது. இந்தியருக்கான நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். பெரியவர் நால்வர் உள்ள குடும்பம் மண்டபத்தையும் காண விரும்பினால் 200 ரூபாயில் முடிந்த செலவு ஆயிரம் ரூபாயாகிறது. 15 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை என்பது ஓரளவு ஆறுதல்.

இம்முறையால் மண்டபத்தினுள் நெருக்கம் குறைவதும், பளிங்கின் தேய்மானமும் மூச்சுக் காற்றின் ஈரமும் அதனால் தணிவதும் மறுக்க முடியாதவை. பிரான்சிலுள்ள லாஸ்கோ குகை ஓவியங்கள் பார்வையாளரின் மூச்சுக் காற்றால் கெடத் தொடங்கியதால் 1963இல் அக்குகையையே பொதுமக்களுக்கு மூட வேண்டியதாயிற்று. ஆயினும் கட்டணத்தால் கூட்டத்தைக் குறைக்கும்போது விலகிச் செல்பவர் யார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அவசரமில்லாதவர் விலகுவதில்லை; பணமில்லாதவரே விலகுகிறார். ஒரு நாட்டின் பொதுச் சொத்தைக் காப்பதற்கு இது கடைசி வழியாக இருக்கலாம், முதல் வழியாக அன்று.

2018இன் தொடக்கத்தில், நாளொன்றுக்கு இந்தியப் பார்வையாளர் 40,000 பேர் என வரம்பு விதிப்பது குறித்தும் பேசப்பட்டது. மேலே கண்ட சராசரி இதில் பாதியளவே. அதாவது, ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அத்தகைய வரம்புக்குத் தேவையே எழாது. தேவைப்படும் சில நாட்களிலும் குறித்த நேரத்துக்கான சீட்டு வழங்கினால் பெருமளவு சமாளிக்கலாம். இது புதிய முறையன்று. திருமலையில் தரிசனத்துக்கு நேரம் குறித்த சீட்டுகள் நெடுநாளாக வழங்கப்பட்டு வருகின்றன. ஸ்பெயினின் அல்ஹாம்பிராவில் அரண்மனைப் பகுதிக்குச் சீட்டில் குறித்த நேரத்தில்தான் நுழையலாம். தாஜ்மகாலிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. பாதுகாப்புக் காரணங்களுக்காக 1984இல் நிறுத்தப்பட்ட இரவுப் பார்வை, உச்ச நீதிமன்றத்தின் அனுமதியுடன் 2004 நவம்பரில் மீண்டும் தொடங்கியது. பௌர்ணமியன்றும், அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு இரவுகளிலும், வெள்ளிக்கிழமையும் ரமலான் மாதமும் நீங்கலாக, ஐம்பது பேர் கொண்ட எட்டுக் குழுக்கள் அரை மணி நேரத்துக்கு ஒன்றாக அனுமதிக்கப்படுகின்றன. ஓர் இரவில் 400 பேர் மட்டுமே. மேலும் 2020 செப்டம்பர் 21 அன்று கொள்ளைநோய்க் கால மூடலுக்குப் பின் திறக்கப்பட்டபோது, நாளைக்கு 5,000 பேர் என்ற வரம்பும் இரு வேளைப் பகுப்பும் நடைமுறையில் இருந்தன. இரவில் 400 பேருக்கு இயல்வது பகலில் 20,000 பேருக்கு அப்படியே இயலாது என்பது உண்மை. தொலைவிலிருந்து வரும் ரயில் தாமதமானால் சீட்டின் நேரம் தவறிவிடும் இடரும் உண்டு. நேரச் சீட்டுகளில் ஒரு பங்கை அன்றன்று நேரில் வருவோருக்கு ஒதுக்கினால் இக்குறை நீங்கும்.

ஆக்ராவுக்கு என்ன பயன்?

பகலில் வந்து பகலிலேயே திரும்புவோர் ஆக்ராவுக்கு அளிப்பது நெரிசலும் குப்பையும், ஒரு வேளை உணவின் விலையும்தான். தாஜ்மகால் கட்டப்பட்டபோதே அதன் தென்புறத்தில் கடைவீதிகளும் சத்திரங்களும் அமைந்தன. அவற்றின் வருவாயும் முப்பது கிராமங்களின் வருவாயும் கல்லறையின் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. இன்றைய தாஜ்கஞ்ச் அக்கடைவீதிகளின் வழிவந்ததே. அங்குள்ள சிறு விடுதிகளும் கடைகளும், பளிங்கில் வண்ணக்கல் பதிக்கும் கைவினைஞர்களும் பயனடைய வேண்டுமானால் வருவோர் ஓரிரவேனும் தங்க வேண்டும். தங்குபவரே விடியலில் வாயிலை அடைய இயலும் என்பதால் இங்கே பயணியின் நலமும் நகரின் நலமும் ஒன்றுபடுகின்றன.

பலர் இடையூறாகக் கருதும் வெள்ளிக்கிழமையை இவ்வகையில் நன்கு பயன்படுத்தலாம். அன்று ஆக்ராக் கோட்டையும், சிக்கந்தராவிலுள்ள அக்பரின் கல்லறையும், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பதேபூர் சிக்ரியும் திறந்தே இருக்கும். தாஜ்மகாலுக்கு முன்பே, 1622க்கும் 1628க்கும் இடையில் நூர்ஜகான் தம் தந்தைக்காக எழுப்பிய இதிமாத் உத் தௌலா கல்லறையில், அதே வெண்பளிங்கையும் அதே வண்ணக்கல் வேலைப்பாட்டையும் யாரும் நெருக்காமல் அருகில் நின்று காணலாம். இதனை முதலில் பார்த்தவர்க்குத் தாஜ்மகாலின் வேலைப்பாடு மேலும் தெளிவாக விளங்கும்.

மாலையில் ஆற்றைக் கடந்து மெஹ்தாப் பாக் சென்றால் தாஜ்மகாலின் பின்புறத் தோற்றம் நீருக்கு அப்பால் முழுமையாகத் தெரியும். ஷாஜகான் தமக்கென ஒரு கருநிறத் தாஜ்மகாலை இங்கே எழுப்பத் தொடங்கினார் என்ற கதை வழிகாட்டிகளால் இன்றும் சொல்லப்படுகிறது. 1990களில் நடந்த அகழாய்வில் வெளிப்பட்டதோ எண்கோண வடிவிலான ஒரு பெரிய குளமும் நீரூற்றுகளும் கொண்ட தோட்டம். எதிர்க்கரையின் வெண்மாடத்தை நிலவொளியில் நீரில் காண்பதற்கென்றே அத்தோட்டம் அமைக்கப்பட்டது போலும். அதற்குத் தனிச் சீட்டு உண்டு. பெரும்பாலான நாட்களில் வரிசை இல்லை.