கரிப்புகை குறைக்கும் கொள்கைக் கூட்டு

கரிப்புகையைக் குறைக்க ஒரு கொள்கை போதுமோ? நம் மாவட்டத்துச் சம்பூரை நோக்குவோம். ஆங்கு நிலக்கரி அனல்மின் நிலையம் அமைக்க 2006இல் செய்யப்பட்ட உடன்படிக்கை 2016இல் கைவிடப்பட்டது. 120 மெகாவாட் சூரிய மின்திட்டம் 2025இல் தொடக்கிவைக்கப்பட்டது. நன்று. ஆயினும், நிலக்கரியை விலக்குதல் மாத்திரம் விளக்கேற்றாது.

கூரைகளிற் பிறக்கும் சூரிய மின்னை அரசு விலைகொடுத்து வளர்த்தது. அதுவும் தனித்துப் பயன் தராது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குன்றவே, பகலில் அம்மின்னை நிறுத்துமாறு மின்சார சபை வேண்டிற்று. பகல்மின்னைச் சேமிக்கும் கலங்கள் போதாமையால், இரவில் நுரைச்சோலை நிலக்கரியையும் நாடுகின்றோம்.

ஆகவே விலக்கு, விலை, சேமிப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே நடத்தல் வேண்டும். ஒருபுறமே துடுப்பிடின் தோணி சுழலுமன்றிக் கரைசேராது என்பதைக் கொட்டியாரக் குடாவினராகிய நாம் நன்கறிவோம்.