காவல் நாய்க்குத் தானிய உணவு ஆகுமா?

ஆட்டுப்பட்டிக்கும் களத்துமேட்டுக்கும் காவலாக நாய் வளர்க்கும் விவசாயக் குடும்பங்கள் நம் கிராமங்களில் ஏராளம். கறவை மாட்டுக்குத் தீவனக் கணக்குப் பார்க்கும் நாம், நாய்க்கு மட்டும் மீந்ததைக் கொட்டுவதோடு நின்றுவிடுகிறோம். விவசாயிகள் கூட்டம் ஒன்றில் ஆடு வளர்க்கும் பெரியவர் ஒருவர், "நாய்க்குச் சோறே ஆகாது, கறிதான் போடணும்னு பேரன் சொல்றான். தினம் கறிக்கு நான் எங்கே போவேன் ஐயா?" என்று கேட்டார். பலருக்கும் உள்ள ஐயம் இது.

தானியம் செரிக்குமா?

செரிக்கும். ஓநாயின் வழியில் வந்ததுதான் நாய் என்றாலும், பல்லாயிரம் ஆண்டுகள் மனிதனோடு வாழ்ந்து அவன் உணவுக்குப் பழகிய பிராணி. மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதியைக் கணையத்தில் உண்டாக்கும் மரபணு ஓநாயில் 2 பிரதிகளே உள்ளன. நாய்களில் 4 முதல் 30 வரை இருப்பதை 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் நம்மைப்போல் நாயின் உமிழ்நீரில் அமிலேஸ் இல்லை. ஆகவே தானியம் நன்றாகக் குழைய வெந்திருக்க வேண்டும். பச்சை மாவும் அரைவேக்காட்டுக் களியும் கழிச்சலை உண்டாக்கும்.

சோறு மட்டும் போதுமா?

போதாது. தவறு நேர்வது இங்கேதான். நாயின் உணவில், ஈரம் நீக்கிய எடையில் 18 சதமாவது புரதம் வேண்டும். வளரும் குட்டிக்கும் சினை நாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் சுமார் 22 சதம் தேவை. அரிசியிலும் கேழ்வரகிலும் இருப்பது சுமார் 7 சதம்; கம்பில் 11 சதம். வெறும் சோற்றில் வளரும் நாய்க்கு உடல் மெலியும்; ரோமம் பொலிவிழந்து கொட்டும்; புண் எளிதில் ஆறாது; குட்டிகள் நோஞ்சானாகப் பிறக்கும். குற்றம் தானியத்தின் மீதல்ல. அதனுடன் சேர்க்காமல் விட்டதன் மீது.

கறி மட்டும் போட்டால்?

அதுவும் தவறு. எலும்பில்லாக் கறியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. கறி மட்டுமே தின்று வளரும் குட்டிக்கு எலும்பு வலுவிழந்து கால் வளையும். சிறு அடிக்கும் முறியும்.

ஆடு வளர்ப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் இருக்கலாம். அவற்றைப் பச்சையாகத் தின்னும் நாயின் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை நாயின் சாணத்தோடு மேய்ச்சல் நிலத்தில் விழுந்து, மீண்டும் ஆட்டுக்கும், வீட்டுக் குழந்தைகளுக்கும் கட்டி உண்டாக்கும். ஆகவே கறிக்கழிவை வேகவைக்காமல் போடக்கூடாது.

ஒரு நாள் உணவு (20 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு)

1. அரிசி, கம்பு அல்லது கேழ்வரகு: 200 கிராம். குழைய வேகவைக்கவும்.
2. எலும்பு நீக்கி வேகவைத்த கறி அல்லது முள் நீக்கிய மீன்: 200 கிராம். இதற்குப் பதில் வேகவைத்த 4 முட்டையும் ஒரு டம்ளர் தயிரும் கொடுக்கலாம்; அல்லது ஊறவைத்து உப்பு நீக்கி வேகவைத்த கருவாடு 60 கிராம் சேர்க்கலாம்.
3. சமையல் எண்ணெய்: 2 தேக்கரண்டி.
4. முட்டை ஓட்டை வேகவைத்துக் காயவைத்து மாவாக இடித்த தூள்: அரைத் தேக்கரண்டி.

இதை இரு வேளையாகப் பிரித்துக் கொடுக்கவும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். ஆனால் துருத்திக்கொண்டு நிற்கக்கூடாது. இதைப் பார்த்து அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை இனங்களுக்கு இயல்பாகவே வயிறு ஒட்டியிருக்கும். அதை மெலிவு என்று எண்ணவேண்டாம். புது உணவை ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றவும்.

கொடுக்கக் கூடாதவை

வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குழம்புச் சோற்றைத் தவிர்க்கவும். திராட்சை, சாக்லேட் இரண்டும் நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும்.

எல்லாவற்றிலும் கொடியது பூசணம் பூத்த தானியம். மழையில் நனைந்த மக்காச்சோளத்தை மாட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கிவைத்து, நாய்க்குக் காய்ச்சி ஊற்றிய ஒரு வீட்டில் இரண்டு காவல் நாய்களும் காமாலை கண்டு மாண்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பூசண நஞ்சான அஃப்ளடாக்சின் ஈரலை அழிக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. மாட்டுக்கு ஆகாத தானியம் நாய்க்கும் ஆகாது.

தானியமே இல்லாத தீவனம் உயர்ந்தது என்று இப்போது விளம்பரங்கள் வருகின்றன. பட்டாணி, பயறு மிகுந்த அத்தகைய தீவனம் தின்ற நாய்களில் இதயத் தசை நோய் கண்டதாக வந்த தகவல்களை, 2018 முதல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஆராய்ந்தது. அதுவே காரணம் என்று முடிவாகவில்லை. ஆனாலும் நல்ல தானியத்தை விலக்கி, அதிக விலை கொடுக்க நமக்குத் தேவை எதுவும் இல்லை.

பெரியவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "சோற்றை நிறுத்தவேண்டாம், சோற்றோடு நிறுத்திவிடவும் வேண்டாம்." மூன்று மாதத்துக்கு ஒருமுறை கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள். ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுங்கள். இரவெல்லாம் பட்டியைக் காக்கும் பிராணிக்கு நாம் செய்யவேண்டிய கடமை இது.