வளவில் வீழ்ந்த மரத்தை நீங்களே பலகையாக அரிதல்

2020 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் புரெவிப் புயல் திருகோணமலைக்கு அண்மையிற் கரையேறி, வடபகுதியைக் கடந்து மன்னார்க் குடாவை அடைந்தது. அடுத்த வாரம் நான் சென்று பார்த்த வளவுகளுள் ஒன்றில், இருவர் கைகோத்து அணைத்தாலும் எட்டாத வேம்பு ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்தது. மரக்காலைக்கு ஏற்றிச் செல்ல உழவு இயந்திரத்தால் இயலவில்லை. பாரந்தூக்கி வருவதற்குப் பாதையுமில்லை. ஈற்றில் அது மூன்றடித் துண்டுகளாக்கப்பட்டு விறகு வியாபாரிக்கு விற்கப்பட்டது. அதே கமக்காரர் அடுத்த வருடம் தமது வீட்டுக் கதவுகளுக்கும் நிலைகளுக்கும் மரம் வாங்கக் கடன்பட்டார். 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் வீசியபின்னும் இத்தகைய காட்சிகளைக் கண்டேன். ஆதலால் இத்துண்டுப்பிரசுரத்தை எழுதலானேன்.

காலபோக அறுவடை முடிந்து சிறுபோக விதைப்பு வரையுள்ள ஓய்வு நாட்களில், சங்கிலி வாளும் அதனோடு பொருத்தும் ஓர் எளிய சட்டமும் கொண்டு, மரம் கிடந்த இடத்திலேயே பலகை அரியலாம். பிற நாடுகளிற் பலர் இதனை ஒரு பொழுதுபோக்காகவே செய்கின்றனர். நமது முன்னோர் குழி வெட்டி, அதன்மேல் மரத்தை ஏற்றி, மேலொருவரும் கீழொருவருமாக நின்று இழுத்தறுத்த வேலையும் இதுவே. இப்பொழுது குழி வேண்டியதில்லை. ஆனால் அவ்வேலையின் பொறுமை இன்றும் வேண்டும்.

அரியுமுன் அறியவேண்டியவை

பலா, ஈரப்பலா, பெண் பனை என்பன 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதற் கட்டுப்பாட்டுச் சட்டத்தினாற் காக்கப்பட்டவை. உங்கள் சொந்த வளவிலேயே நிற்பினும் அனுமதியின்றி இவற்றைத் தறிக்கலாகாது. காற்றில் வீழ்ந்த மரமாயினும், வாளை வைக்குமுன் கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்துக் காட்டிவிடுதல் நன்று. பின்னர் வழக்குக்கு அலைவதிலும் அது எளிது. சில இன மரங்களை அரிந்த பின்னரும் வீதியால் ஏற்றிச் செல்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். வாளையும் பதிவு செய்தல் வேண்டும். வளவு மரத்தைப் பற்றியே இங்கு எழுதுகின்றேன். காட்டு மரத்தைப் பற்றியன்று.

யுத்தம் நடந்த பகுதிகளில் உள்ளோர்க்கு இன்னுமொரு கவலை உண்டு. 2009 ஆம் ஆண்டிற்கு முற்பட்ட மரங்கள் பலவற்றினுள் சன்னங்களும் எறிகணைச் சில்லுகளும் புதைந்துள்ளன. மரம் காயத்தை மூடி வளர்ந்துவிடுவதால் வெளியே தெரிவதில்லை. பட்டையில் முடிச்சுப்போன்ற வீக்கம், நெடுந்தழும்பு, அரிந்த முகத்திற் கருநீலக் கறை என்பன இரும்பின் அறிகுறிகளாகும். வேலிக்கட்டையாக நின்ற மரத்தில் முட்கம்பியும் ஆணியும் இருக்கும். உலோகங்காட்டும் கருவி இரவலாகக் கிடைக்குமாயின் மரத்தின் நீளம் முழுவதும் அதனைச் செலுத்திப் பாருங்கள். ஓடும் சங்கிலி இரும்பிற் பட்டால் பற்கள் போகும். சில வேளை சங்கிலியே அறுந்து தெறிக்கும். சில்லு அன்றி முழு வெடிபொருள் எதுவும் மரத்திலோ வேர்க்குழியிலோ காணப்படின் அதனைத் தொடாது விலகிப் பொலிசாருக்கு அறிவியுங்கள்.

வேரோடு சாய்ந்த மரம்

இம்மரத்தைத் துண்டிக்கும்போதே பலர் காயமடைகின்றனர். அடிமரத்தின் பாரம் நீங்கியவுடன் வேர்த்தட்டு மண்ணோடு நிமிர்ந்து தன் குழியில் விழக்கூடும். அக்குழியினுள் பிள்ளைகள் ஏறி விளையாடுவதை நான் கண்டிருக்கின்றேன். வாள் இயங்கும்போது குழியிலோ வேர்த்தட்டின் பின்புறத்திலோ ஒருவரும் நிற்றலாகாது. வளைந்து அழுத்தம் ஏறிக் கிடக்கும் கிளைகளை ஒரே வெட்டில் அறுக்காது, அழுந்திய பக்கத்திற் சிறிது வெட்டி, பின்னர் இழுபட்ட பக்கத்தில் மெதுவாக வெட்டுங்கள்.

வாளும் சட்டமும்

மரத்தின் நீளத்திற்கு அரிதல் குறுக்கே அறுப்பதிலும் மிகக் கடினமான வேலையாகும். வாள் பல நிமிடங்கள் முழு வேகத்தில் ஓயாது உழைக்கின்றது. கிளை வெட்டும் சிறிய வாளை இதற்குக் கொடுத்தால் இயந்திரம் சூடேறிப் பழுதாகும். 70 கன சென்றிமீற்றருக்குக் குறையாத இயந்திரம் வேண்டும். அகன்ற மரத்திற்கு 90 இருத்தல் நன்று. சாதாரண சங்கிலியின் பற்கள் ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் தீட்டப்பட்டவை. நெடுக்கு அரிவிற்கு அவற்றை 10 பாகை அளவிற்குத் தீட்டினால் பலகையின் முகம் ஒப்பரவாக வரும்.

சட்டம் என்பது வாளின் அலகைப் பிடித்து, மேற்பரப்பிலிருந்து ஒரே ஆழத்தில் ஓடச்செய்யும் இரும்புக் கட்டாகும். சட்டமின்றிக் கையால் நூலடித்து அரிவோர் நம் ஊரில் உளர். அவர்களின் திறமையை நான் மறுக்கவில்லை. எனினும் அலகின் மூக்கின் மேற்பாகம் எதிலேனும் பட்டால் வாள் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் துள்ளும். எனது சிறிய தந்தையாரின் தோளில் இன்றும் அந்தத் தழும்பு உண்டு. அலகின் இரு முனைகளையும் பிடித்த சட்டத்தில் மூக்கு மறைக்கப்படுவதால் இந்த அபாயம் பெரிதும் குறையும். தலைக்கவசம், கண்ணாடி, காதுமூடி, தடித்த சப்பாத்து, வாளுக்கென நெய்த காற்காப்பு ஆகியன அணிந்தே தொடங்குங்கள். சாரமுடுத்து, வெறுங்காலோடு இவ்வேலை செய்யலாகாது. காற்று உங்கள் முதுகுப்புறமிருந்து வீசுமாறு நில்லுங்கள். புகையில் நெடுநேரம் நிற்றல் தலைச்சுற்றை உண்டாக்கும்.

அரியும் முறை

குற்றியை இரு தாங்குமரங்களின்மேல் ஏற்றி, நீங்கள் செல்லும் திசையிற் சற்றே சரியுமாறு வைத்தால் வாளின் பாரமே அதனை முன்னே கொண்டு செல்லும். உருளாதபடி ஆப்பு இறுக்குங்கள். முதலாவது அரிவிற்கு மரத்தின்மேல் நேரான பலகை ஒன்றையோ, கோணலற்ற ஏணியையோ மட்டம் பார்த்துப் பொருத்துதல் வேண்டும். முதல் அரிவு கோணினால் பின்வரும் பலகைகள் யாவும் கோணும். ஆதலால் இந்த ஓர் அரிவிற்கு அரைநாள் சென்றாலும் வருந்த வேண்டாம். பொருத்தும் ஆணிகள் வாளோடும் ஆழத்தை எட்டாதிருப்பதை அளந்து பாருங்கள். அரிவு இரண்டடி சென்றதும் பின்னால் மர ஆப்புகளைச் செருகுங்கள். இன்றேல் மேற்பலகை தாழ்ந்து அலகை இறுக்கும். எண்ணெய்த் தாங்கி நிரப்பும் ஒவ்வொரு தடவையும் பற்களை அரத்தால் தீட்டுங்கள். வாளை நீங்கள் தள்ள வேண்டியிருந்தாலோ, தீய்ந்த மணம் எழுந்தாலோ பல் மழுங்கிவிட்டது என்பதே பொருள். அரிவு முடிந்தவுடன் இயந்திரத்தை நிறுத்தாது, சிறிது நேரம் மெதுவாக ஓடவிட்டு ஆறவிடுங்கள்.

இம்முறையில் நட்டம் இல்லையென்று கூறேன். சங்கிலி வாள் ஒவ்வோர் அரிவிலும் ஏறக்குறைய 3/8 அங்குல மரத்தைத் தூளாக்கும். சதுரித்த 12 அங்குலத் தீராந்தியில் 1 அங்குலப் பலகை 9 மட்டுமே பெறலாம். 3 அங்குலம் தூளாகிவிடும். 1/16 அங்குலமே உண்ணும் நாடா வாளில் 11 பலகை கிடைக்கும். ஆனால் 2 அங்குலப் பலகையாக அரிந்தால் தூளாவது 1 1/2 அங்குலமே. ஆகவே நிலை, கதவுச்சட்டம், வாங்கு, கலப்பைப் பாகம் முதலிய தடித்த வேலைகளுக்கே இது ஏற்றது. பாதை உள்ள வளவில் நேரிய நெடுமரம் இருப்பின் மரக்காலைக்கே அனுப்புங்கள், அதில் வெட்கமில்லை.

தென்னைக்கும் பனைக்கும் நடுவில் வைரம் இல்லை. வெளிப்புறமே வலியது, உட்புறம் சோறுபோன்றது. வெளிவளையத்தை மட்டும் அரிந்து கொள்ளுங்கள். இவை பற்களை விரைவில் மழுக்கும்.

பலகையைக் காயவிடுதல்

இதில் நான் செய்த பிழையைக் கூறுகின்றேன். விவசாயப் பாடசாலையை விட்டு வந்த முதல் வருடம், அழகிய வேப்பம் பலகைகள் ஏழினை அரிந்து, சுவரிற் சாய்த்து வெயிலில் விட்டேன். அது கச்சான் வீசும் காலம். மூன்று வாரத்தில் அவை வள்ளம்போல் வளைந்து முனைகளிற் பிளந்தன. அவற்றால் ஆட்டுக் கொட்டிலுக்கு வேலி அடைத்தேன்.

அரிந்த அன்றே முனைகளுக்குப் பழைய பெயின்றோ மெழுகோ பூசுங்கள். ஈரம் முனைகளாலேயே மிக விரைவில் வெளியேறும். நிழலிற் காற்றோட்டமுள்ள இடத்தில், நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் அடுக்குங்கள். ஒவ்வொரு பலகைக்கும் இடையே 1 அங்குலச் சலாகைகளை ஒன்றரை அடிக்கொன்றாக, மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் அமையுமாறு வையுங்கள். உச்சியிற் கற்களைப் பாரமேற்றுங்கள். 1 அங்குலத் தடிப்பிற்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. பலாவின் வெளிறிய வெளிமரத்தைப் பூச்சி துளைக்கும். அதனை நீக்கி மஞ்சள் வைரத்தை மட்டும் கொள்ளுங்கள். வெளிமரத்தையும் பயன்படுத்த விரும்பின், ஈரம் காயுமுன் போராக்சும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசலாம். மழையில் இது கரைந்துபோமாதலால் வீட்டின் உள்வேலைக்கு மட்டுமே பயன்படும்.

மரத்தூள்

ஒரு மரத்தை அரிந்தால் பல சாக்குத் தூள் சேரும். அதனைப் பச்சையாகக் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளிற் புதைக்க வேண்டாம். தூளை உக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனை எடுத்துக்கொள்வதால் இலைகள் மஞ்சளாகிக் கன்றுகள் குன்றும். மாட்டுக் கொட்டிலிற் பரப்பிச் சிறுநீரில் ஊறவிட்டு, பின்னர் சாணத்தோடும் பசுந்தழையோடும் குவித்துக் கூட்டெரு ஆக்குங்கள். மாதம் ஒருமுறை புரட்டி ஈரம் காத்து வந்தால், அடுத்த காலபோகத்தின் பின் நடும் மரக்கறிக்கு அது உதவும். சங்கிலிக்குக் கழிவு இயந்திர எண்ணெய் ஊற்றியிருந்தால் அத்தூளைத் தோட்டத்திற்குக் கொண்டு செல்லாதீர்கள். தாவர எண்ணெய் ஊற்றியிருப்பின் தடையில்லை.