பவானிக் கரையில் பழைய படங்களோடு ஒரு நாள்

காரமடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அரங்கநாதரைச் சேவித்துவிட்டு ஊட்டிக்கு வண்டியேறி விடுகிறார்கள். நடுவில் வரும் மேட்டுப்பாளையம் அவர்களுக்கு டீ குடிக்கிற இடம், அவ்வளவுதான். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் கேமராவோடு வந்த வெள்ளைக்காரர்களும் அந்த ஊரை அப்படித்தான் கடந்து போனார்கள். அதனால் நீலகிரி மலைக்கு ஆயிரக்கணக்கான பழைய படங்கள் இருக்க, மலையடிவாரத்தில் பவானிக் கரையில் கிடக்கும் இந்த ஊருக்குக் கொஞ்சம்தான் மிஞ்சின. அந்தக் கொஞ்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினால் மேட்டுப்பாளையம் வேறு ஊராகத் தெரியும். ஒரு முழு நாள் ஒதுக்கி வாருங்கள்.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சில பழைய படங்களைத் தேடி எடுத்து, அஞ்சலட்டை அளவிலேயே அச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். செல்போன் திரையில் வெயிலில் ஒன்றும் தெரியாது. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியப் படத் தொகுப்பு, விக்கிமீடியா காமன்ஸ், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையம் ஆகிய இடங்களில் தேடலாம். இன்றைய பெயரை மட்டும் போட்டுத் தேடினால் பாதிதான் கிடைக்கும். அந்தக் காலத்து அட்டைகளில் ஊர்ப் பெயர் 'மெட்டப்போலியம்' என்றெல்லாம் அச்சாகியிருக்கும். 'குன்னூர் காட்', 'நீலகிரி ரயில்வே' என்று தேடுவதும் பலன் தரும்.

ஆளின் பெயரால் தேடுவதென்றால் முதலில் ஏ.டி.டபிள்யூ. பென். 1870களிலிருந்து ஊட்டியில் ஸ்டூடியோ வைத்து, பல பத்தாண்டுகள் நீலகிரியைப் படமெடுத்தவர். அவருக்கு முன்பே சென்னையில் கடை போட்டு மலையிலும் கிளை வைத்திருந்தவர்கள் நிக்கோலஸ் சகோதரர்கள். இவர்களைப் பற்றி பென்னின் வம்சத்தில் வந்த கிறிஸ்டோபர் பென் ஆராய்ந்து எழுதிய நூல் 2014இல் வெளிவந்தது. இந்த வட்டாரத்துப் பழைய படங்களில் அக்கறை உள்ளவர்கள் நூலகத்திலாவது அதைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பட அஞ்சலட்டைகளுக்குச் சென்னை ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர், வீலே அண்ட் கிளைன் ஆகிய பெயர்களைப் பாருங்கள்.

படத்தைப் படிக்கவும் கொஞ்சம் பழக வேண்டும். 1880களுக்கு முந்தைய படங்கள் பெரும்பாலும் ஈரத்தகடு முறையில் எடுத்தவை. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்துக்குள் கழுவியாக வேண்டும். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டிய வேலை. தகடுகளையும் மருந்துப் புட்டிகளையும் கூடாரத்தையும் கூலியாட்கள்தான் சுமந்தார்கள். படமெடுத்தவர் பெயர் அட்டையில் இருக்கிறது. சுமந்தவர் பெயர் எங்கும் இல்லை. லென்ஸ் பல விநாடிகள் திறந்தே இருந்ததால், ஓடுகிற தண்ணீர் வெள்ளைப் புகையாகப் பதிந்திருக்கும். நடந்து போனவர்கள் பதியாமலே போயிருப்பார்கள். வெறிச்சோடிய சாலையைப் படத்தில் பார்த்து, அந்தக் காலத்தில் இங்கே ஆளே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

அஞ்சலட்டையின் வயதைப் பின்பக்கம் சொல்லிவிடும். நடுவில் கோடு இல்லாமல் விலாசத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தால், அது பெரும்பாலும் 1900களின் முதல் சில ஆண்டுகளுக்குள் அச்சானது. சேதியைப் படத்தின் ஓரத்திலேயே நெருக்கி எழுதியிருப்பார்கள். தபால்தலையில் விக்டோரியா ராணி இருந்தால் பெரும்பாலும் 1902க்கு முன், ஏழாம் எட்வர்ட் என்றால் அதற்கடுத்த பத்தாண்டு, ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1911க்குப் பின். முத்திரைத் தேதி தெளிவாக இருந்தால் சந்தேகமே இல்லை. ஆனால் முத்திரை சொல்வது அட்டை போன தேதியை. படம் அதற்கு இருபது வருடம் முந்தியதாகவும் இருக்கலாம். வண்ண அட்டைகளின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு, பெரும்பாலும் ஜெர்மனியில், அச்சகத்தில் சேர்த்த நிறம் அது. பவானியைப் பார்த்தே இராதவர் கைபோன போக்கில் பூசிய நீலமாக இருக்கலாம்.

இனிப் பயணம். கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் பாசஞ்சர் ரயிலில் ஏறுங்கள். பேருந்தில் வருவதானால் மேட்டுப்பாளையம் ரோடு புது பஸ் ஸ்டாண்டிலிருந்து வண்டிகள் அடிக்கடி உண்டு. என்றாலும் இந்தப் பயணத்துக்கு ரயில்தான் பொருத்தம். போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873இல். அடிவாரத்துக் கிராமம் ஊரானதற்கு அந்தத் தண்டவாளம்தான் காரணம். காரமடையைத் தாண்டியதும் ஜன்னல் வழியே மலை எழும்பி வரும். பல படங்களில் பின்னணியாக வரும் மலைவரி இதுவே. கட்டடம் மாறும், மரம் மாறும், மலையின் விளிம்பு மாறாது. ஒரு பழைய படம் எங்கே நின்று எடுத்தது என்று கண்டுபிடிக்க அந்த விளிம்பைத்தான் முதலில் பொருத்திப் பார்க்க வேண்டும்.

மேட்டுப்பாளையம் ரயிலடியில் இறங்கியதும் வெளியே ஓடாதீர்கள். 1873இலிருந்து 1899 வரை இதுதான் கடைசி நிறுத்தம். இங்கே இறங்கியவர்கள் டோங்கா என்ற குதிரை வண்டியிலும், மாட்டு வண்டியிலும், பல்லக்கு போன்ற மஞ்சலிலும் மலையேறினார்கள். டோங்காவும் சுமை வண்டியும் தெரிகிற அட்டை கையில் கிடைத்தால் அது அந்த இருபத்தாறு வருட காலத்துப் படமாக இருக்க வாய்ப்பு அதிகம். 1899 ஜூனில் குன்னூர் வரைக்கும் மலை ரயில் ஓடத் தொடங்கியது. 1908இல் ஊட்டியை எட்டியது. 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டருக்கு ஏறும் 46 கிலோமீட்டர் பாதை இது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நிலையத்தில் மலை ரயிலுக்கென்று சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய படங்களையும் கருவிகளையும் நின்று நிதானமாகப் பாருங்கள்.

மலை ரயிலில் ஏற ஆசைப்பட்டால் காலை 7.10 வண்டிக்கு வெகு முன்பே முன்பதிவு செய்ய வேண்டும். நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத் தண்டவாளம் தொடங்கும். அட்டைகளில் அதிகம் கண்ணில் படுகிற காட்சிகள் இந்தப் பகுதியில்தான்: அடர்லிப் பாலம், ஹில்குரோவ் நிலையம், பாறையைக் குடைந்த சுரங்கங்கள். ஏறும்போது எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும். படத்தில் எஞ்சின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் மலைச்சரிவு எந்தத் திசை என்று தெரிந்துவிடும். படமெடுக்கத் தண்டவாளத்தில் இறங்கி நடக்க வேண்டாம். அது குற்றம், தவிர, அது யானை நடமாடும் காடு.

ரயிலில் இடம் கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். நமக்கு வேண்டிய ஆறு கீழேதான் ஓடுகிறது. ஊட்டிச் சாலையில் பவானிப் பாலத்துக்கு வந்து, ஓரமாக நடைபாதையில் நின்று, கையிலுள்ள படத்தை எடுங்கள். மலைவிளிம்பைப் பொருத்துங்கள். அதன் பிறகு ஆற்றைப் பாருங்கள். படத்தில் அகன்ற மணல்திட்டும் பாறையும் தெரிந்தால், இன்று அந்த இடத்தில் வேறொரு ஆறு ஓடுவது போல இருக்கும். காரணம் மேலே இருக்கிறது. 1960களில் கட்டிய பில்லூர் அணை வந்த பின் பவானியின் ஓட்டம் மழையை மட்டும் கேட்பதில்லை. மின் உற்பத்திக்குத் திறக்கும் நேரத்தையும் கேட்கிறது. தண்ணீர் முழங்கால் அளவுக்கு இருக்கிறதே என்று இறங்கி நிற்பவர்களைச் சட்டென்று ஏறும் வெள்ளம் இழுத்துப் போன சம்பவங்கள் இங்கே திரும்பத் திரும்ப நடக்கின்றன. பழைய படத்தில் ஆட்கள் நின்ற பாறையில்தான் நானும் நிற்பேன் என்று ஆற்றுக்குள் போகாதீர்கள். கரையிலிருந்தே எடுங்கள். ஆற்றைப் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோயில் பக்கம் போய், எச்சரிக்கைப் பலகையை மதித்துப் படித்துறையோடு நில்லுங்கள்.

சொந்தக் காரில் மேலே பர்லியாறு வரை போக நினைத்தால் நீலகிரிக்கான இ-பாஸ் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே அனுமதி கிடையாது. சீசனில் போனால் பர்லியாற்றுக் கடைகளில் மங்குஸ்தான் கிடைக்கும். நேரம் மிச்சமிருந்தால் கோத்தகிரிப் பக்கம் திரும்பலாம். கன்னேரிமுக்கில் அந்நாளைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய பங்களா நினைவகமாக இருக்கிறது. நீலகிரியின் பழைய படங்கள் அங்கே சுவரிலேயே காணக் கிடைக்கும்.

அப்படிப் பார்க்கும்போது ஒன்று உறுத்தும். தோடர், படுகர், இருளர் ஆகியோரை நிற்க வைத்து எடுத்த அட்டைகள் நிறைய உண்டு. அடியில் பெயர் இருக்காது. 'மலைவாசி', 'பூர்வகுடிப் பெண்' என்று ஒரு வகையாக மட்டும் குறித்திருப்பார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் இதே மலையில் வாழ்கிறார்கள். வேடிக்கை என்று வாட்ஸப்பில் அனுப்புகிற பொருளாக அந்தப் படங்களை ஆக்காதீர்கள்.

கீழே ஆற்றின் போக்கில் சிறுமுகை தாண்டினால் பவானிசாகர் நீர்த்தேக்கம். 1955இல் முடிந்த அந்த அணை டணாயக்கன் கோட்டையைத் தண்ணீருக்குள் கொண்டுபோனது. வறண்ட வருடங்களில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயில் வெளியே தெரியும். அணைக்கு முந்தைய கோட்டைப் படம் யார் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால் அதன் மதிப்பை வார்த்தையில் சொல்ல முடியாது.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வருகிறது. ஆற்றங்கரை ஊரின் உண்மையான படத் தொகுப்பு லண்டனில் இல்லை. அது மேட்டுப்பாளையத்திலும் காரமடையிலும் சிறுமுகையிலும் வீட்டுக் கூடத்துச் சுவர்களில், உத்தரத்தை ஒட்டிச் சாய்ந்து தொங்குகிறது. கல்யாணப் படம், தறிக்குப் பக்கத்தில் நிற்கும் தாத்தா, உருளைக்கிழங்கு மண்டி, பாக்குத் தோப்பு, மாசித் தேரோட்டத்தில் வடம் பிடித்தவர்கள், பந்தசேவைக்குத் தீப்பந்தம் ஏந்திய தாசர்கள்: இப்படிப்பட்ட படங்களை எந்த வெள்ளைக்காரரும் அட்டையாக அச்சிடவில்லை. உள்ளூர் ஸ்டூடியோக்காரர்கள்தான் எடுத்தார்கள். தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு மின்வடிவமாக்கியிருக்கிறது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வரைந்த திரைக்கு முன் விறைப்பாக நிற்கும் குடும்பங்களை அதில் பார்த்துவிட்டு வந்தால், காரமடை வீட்டுச் சுவரில் இருப்பதன் அருமை புரியும்.

ஆகவே மதியத்துக்கு மேல் காரமடைக்குத் திரும்புங்கள். தேர் வீதிகளில் மெதுவாக நடங்கள். கோயிலுக்குள் படமெடுப்பதைப் பற்றி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், வீதிக்குத் தடையில்லை. திண்ணையில் பெரியவர் யாராவது உட்கார்ந்திருந்தால், கையிலுள்ள அச்சுப் படத்தைக் காட்டி, "ஏனுங்க, இது எந்த எடமுங்க?" என்று கேளுங்கள். மலைவிளிம்பை நீங்கள் அரைமணி நேரம் பொருத்திப் பார்த்த இடத்தை அவர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். பேச்சு வளர்ந்து அவர் வீட்டுப் படத்தைக் காட்டினால், "இது உங்க அப்பாருங்களா?" என்று தொடங்கி, பெயர், ஊர், ஏறத்தாழ எந்த வருடம், எந்த ஸ்டூடியோ என எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். படத்தை விட அந்தக் குறிப்பு சீக்கிரம் அழிந்துபோகிறது.

அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள். சட்டகத்தைச் சுவரிலிருந்து இறக்கி, நிழலான வெளிச்சத்தில் சாய்த்து வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், நேர் எதிரே நிற்காமல் சற்றே விலகி நின்று எடுத்தால் கண்ணாடியில் உங்கள் முகம் விழாது. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்க முயல வேண்டாம்; மருந்துப் பூச்சு உரிந்து முகமே போய்விடும். பின்பக்கம் எழுதுவதென்றால் மென்மையான பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் தெரியும்.

பழைய அட்டையை விலைக்கு வாங்க நினைப்பவர்கள் அஞ்சல்தலைக் கண்காட்சிகளில் விசாரிக்கலாம். வாங்குமுன் புற ஊதா விளக்கைக் காட்டிப் பாருங்கள். 1950களுக்குப் பிந்தைய காகிதம் பெரும்பாலும் நீலமாக ஒளிரும். அதற்கு முந்தையது ஒளிராது. இந்தச் சோதனைக்கு மறுக்கிற வியாபாரியிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஊருக்குத் திரும்பியதும் செய்ய வேண்டியது ஒன்று. காரமடையில் யார் வீட்டுப் படத்தை எடுத்தீர்களோ, அதை நல்ல தாளில் ஒரு பிரதி போட்டு, எழுதிக்கொண்ட பெயர்களையும் சேர்த்து அந்த வீட்டுக்கே தபாலில் அனுப்பிவிடுங்கள்.