திருவொற்றியூர் புல்லட் ஒரகடத்து ஷிப்டுக்கு ஆகுமா?

கேள்வி: ஐயா, டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மாத்தூரில் நண்பர்களோடு ரூம். மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். வாலாஜாபாத்தில் ஒருவர் 1998 மாடல் புல்லட் 350 வைத்திருக்கிறார். பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின், வலது கால் கியர். எண்பதாயிரம் கேட்கிறார். அவர் மூன்றாவது ஓனர். ஆர்சி 2023-லேயே முடிந்துவிட்டது, "நீயே புதுப்பிச்சுக்கோ" என்கிறார். இன்ஜினில் ஆயில் கசிகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகிறது. வாங்கி நானே பிரித்துச் சரிசெய்து, தினமும் வேலைக்கும் அதிலேயே போக ஆசை. வாங்கலாமா?

— வாசகர், ஒரகடம்

பதில்: வாங்கலாம், தம்பி. ஆனால் அவர் சொல்கிற முறையில் வேண்டாம். ஷிப்டுக்குப் போக உங்களிடம் இருக்கும் ஒரே வண்டியாகவும் அது வேண்டாம்.

முதலில் காகிதம். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 1998 வண்டிக்கு அந்தக் கணக்கு 2013, 2018, 2023 என்று வந்து நிற்கிறது. அதாவது இன்றைய தேதியில் சட்டப்படி அது சாலையில் ஓடக் கூடாத வண்டி. அதை ஓட்டிப்போய் யார்மீதாவது மோதிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிப்பதற்கு அது ஒன்றே போதும். புதுப்பிக்கும் வேலையை ஓனரே தன் பெயரில் செய்து கொடுக்கட்டும். வண்டியை ஆர்டிஓ அலுவலகத்துக்குக் கொண்டுபோய் ஆய்வாளரிடம் காட்ட வேண்டும். 20 ஆண்டு தாண்டிய பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025-இல் 2,000 ரூபாயாக ஏறிவிட்டது. பசுமை வரி தனி. தாமதக் கட்டணம் கேட்டால் அதுவும் அவர் பாடு. இந்தச் செலவில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொண்டால்கூடத் தவறில்லை, அலைச்சல் அவருடையதாக இருக்கட்டும். வண்டியில் ஏதாவது வில்லங்கம் இருந்தால் அந்த ஆய்வில்தான் வெளியே வரும். அப்போது உங்கள் பணம் உங்கள் பையிலேயே இருக்கும்.

ஆர்சி வந்த பிறகு படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாள். பழைய கடன் எதுவும் ஆர்சியில் பதிந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். என்றைக்கோ அடைத்த கடனாக இருந்தாலும் படிவம் 35 போட்டு நீக்காமல் பெயர் மாறாது.

அடுத்து எண்கள். சேஸிஸ் எண் ஹேண்டில்பார் கழுத்தில் இருக்கும், இன்ஜின் எண் சிலிண்டருக்குக் கீழே கிராங்க் கேஸில். இரண்டின்மேலும் வெள்ளைத்தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்சியோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பாருங்கள். எண்ணைச் சுற்றி அரம் போட்ட தடமோ, ஓர் எழுத்து மட்டும் கோணலாகக் குத்தியிருப்பதோ தெரிந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். மூன்று கை மாறிய வண்டியில் நடுவில் யாராவது வேறு இன்ஜினை ஏற்றியிருக்க வாய்ப்பு உண்டு. அதை ஆர்சியில் பதியாமல் விட்டிருந்தால் பின்னால் மாட்டிக்கொள்பவர் நீங்கள்தான்.

இனி இன்ஜின். "காலையில் வருகிறேன், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் சிலிண்டரில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த நிலையில் கிளப்புவதில் ஏதோ சிரமம் இருந்திருக்கிறது. ஜில்லென்று இருந்தால் கிக்கரை மெல்ல மிதியுங்கள். அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, பிறகு முழுக் கிக். நல்ல வண்டி ஓரிரு உதையில் பேசிவிடும். கிளம்பியதும் கொஞ்ச நேரம் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு கைடு தேய்ந்திருக்கலாம், பெரிய செலவில்லை. ஆக்சிலரேட்டரை முறுக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கும் போரும் போய்விட்டன. குளிரில் கேட்கும் 'டக்டக்' சூடேறியதும் அடங்கினால் பிஸ்டன் ஆட்டம், கொஞ்ச நாள் தள்ளலாம். சூடேறிய பிறகும் அடியிலிருந்து கனத்த தட்டு கேட்டால் பிக் எண்ட். கிராங்கை வெளியே எடுத்தாக வேண்டும். அந்தச் செலவை விலையிலிருந்து கழிக்க அவர் ஒப்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நீங்கள் சொல்லும் ஆயில் கசிவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் நின்ற புல்லட்டில் ஆயில் தன் அறையிலிருந்து பம்ப் வழியாகக் கிராங்க் பக்கம் இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் பிரீதர் குழாய் வழியே துப்பும். அது நோயல்ல. ராக்கர் மூடியிலும் புஷ்ராட் பக்கமும் வியர்ப்பது கேஸ்கட் வேலை. கசிவைவிட ஆயில் மேலே ஏறுகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். இன்ஜின் ஓடும்போது ஹெட்டுக்குப் போகும் வெளிக் குழாயின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் ஆயில் கசிந்து வர வேண்டும். வரவில்லையா? உடனே அணைத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரே வார்த்தையில் கடந்துபோன விஷயம் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது: வலது கால் கியர். இந்த வண்டியில் பிரேக் இடது காலில். கியர் மேலே ஒன்று, கீழே மூன்று. இதுவரை நீங்கள் மற்ற பைக்குகளில்தான் பழகியிருப்பீர்கள். சாதாரணமாகப் போகும்போது இரண்டு நாளில் கை வந்துவிடும். ஆனால் இரண்டாவது ஷிப்ட் முடிந்து ராத்திரி வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் வருகிறீர்கள். பின்விளக்கு எரியாத டிரெய்லர் ஒன்று ஓரத்தில் நிற்கிறது. அந்த நொடியில் யோசனைக்கு இடமில்லை, பழகிய கால்தான் அழுத்தும். வலது காலால் ஓங்கி மிதிப்பீர்கள். அங்கே இருப்பது கியர் லீவர். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த உடம்பு அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் ஷிப்டுக்கு இது வேண்டாம் என்கிறேன். குறைந்தது மூன்று மாதம் கம்பெனி பஸ்ஸை விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிப்காட் உள்சாலைகள் காலியாகக் கிடக்கும். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, திடீரென்று நிறுத்துவதை மட்டும் திரும்பத் திரும்பப் பழகுங்கள்.

சரிசெய்வதில் பெரும்பாலோர் பெயின்டில் தொடங்குகிறார்கள். நீங்கள் பிரேக் ஷூ, டயர், கேபிள்கள், ஒயரிங், ஹெட்லைட் ஆகியவற்றில் தொடங்குங்கள். நின்று, திரும்பி, வழி தெரிந்து ஓடும் வண்டியாக அது ஆன பிறகு ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். கான்டாக்ட் பாயின்ட் இடைவெளியை 0.35-இலிருந்து 0.40 மி.மீக்குள் வையுங்கள். கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் அணைந்து, ஆறியதும் மறுபடி கிளம்பினால் கன்டென்சரையோ காயிலையோ சந்தேகியுங்கள். இப்படிச் சில மாதம் ஓட்டிப் பார்த்தால் இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா என்பது தானே தெரிந்துவிடும். ஆசைக்காகப் பிரித்துப் போட்டு, கோணியில் கட்டி மாடிப்படிக்கு அடியில் தள்ளிய புல்லட்டுகள் ஊர்தோறும் உண்டு.

பிரிக்கத்தான் வேண்டுமென்றால் உங்கள் வேலை அங்கே கைகொடுக்கும். போர் கேஜும் ஃபீலர் கேஜும் டார்க் ரெஞ்சும் தினமும் உங்கள் கையில் புழங்குபவை. சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், குறுக்கும் நெடுக்குமாகவும் அளந்து எழுதிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனால், தேவையில்லாமல் போரிங் போடச் சொல்லி யாரும் உங்களை ஏய்க்க முடியாது. ஒன்று மட்டும் மாறும்: லைனில் எந்தப் பாகத்தை எடுத்தாலும் பொருந்தும், இங்கே புதுப் பாகத்தையும் அளந்துதான் மாட்ட வேண்டும்.

பாகம் கிடைக்குமா என்ற பயம் வேண்டாம். ஒரகடத்தில் 2013-இலும் வல்லம் வடகாலில் 2017-இலும் தொடங்கிய என்ஃபீல்டு ஆலைகளுக்கும் இந்த வண்டிக்கும் சம்பந்தமில்லை. இது திருவொற்றியூர் வண்டி. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் 1955-இல் கைகோத்துத் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் வாரிசு. அந்த இன்ஜினின் 70 மி.மீ போரும் 90 மி.மீ ஸ்ட்ரோக்கும் அரை நூற்றாண்டு மாறாமல் வந்ததால்தான் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் இன்றும் பாகம் விற்கிறது. பிஸ்டன், பேரிங், கிளட்ச் பிளேட் மூன்றும் புதிதாக, நல்ல கம்பெனியுடையதாக இருக்கட்டும். மட்கார்டு, டூல் பாக்ஸ் போன்றவை பழையதாக இருந்தால் போதும். பில் இல்லாமல் பழைய இன்ஜின் கேஸ் மட்டும் வாங்காதீர்கள்.

இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 1998-இல் செய்த ரப்பர் அதற்கானதல்ல. பெட்ரோல் ஹோஸ், டேப் வாஷர், கார்புரேட்டர் கேஸ்கட் மூன்றையும் வாங்கிய வாரமே மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். சில வாரம் ஓட்டாமல் விடுவதாக இருந்தால் கார்புரேட்டரை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

எண்பதாயிரம் என்பது பாதிக் கணக்குதான். விலையில் பாதி அளவு பணத்தை முதல் வருடச் செலவுக்கென்று தனியாக எடுத்து வைக்க முடிந்தால் மட்டும் இறங்குங்கள். நாளைக்கே ஷிப்டுக்கு வண்டி வேண்டும், கையில் இருப்பதே அந்த எண்பதாயிரம்தான் என்றால், அதைவிடக் குறைந்த விலைக்கே ஒரு நல்ல நூறு சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டி கிடைக்கும், அதை வாங்குங்கள். புல்லட் இன்னும் இரண்டு வருடம் கழித்தும் கிடைக்கும்.

ஆர்சியைப் புதுப்பித்துத் தர ஓனர் சம்மதித்து, இரண்டு எண்ணும் பொருந்தி, ஹெட்டுக்கு ஆயில் ஏறினால் அட்வான்ஸ் கொடுங்கள். முதல் நிபந்தனைக்கே அவர் தயங்கினால், பாதி விலைக்கு இறங்கி வந்தாலும் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.